காசு தேடி ஊரூராய்ப் போன கவி

எங்கள் வீட்டில் வாப்பாவுக்குப் பிடிக்காத காரியம் ஒன்று உண்டென்றால் அது பிறரிடம் கை நீட்டுவதுதான். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தோணியில் கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் பல வருடம் இருந்திருக்கிறார்கள். நிவாரண வரிசையில் உம்மும்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை வாப்பா எங்களுக்குச் சொன்னதே இல்லை. உம்மும்மாதான் சொன்னார்.

அப்படிப்பட்ட வாப்பாவிடம் சென்ற வருடம் நான் இரண்டு ரிக்கற் புத்தகங்களோடு போய் நின்றேன். மன்னார் நகரத்தில் நான் சனிக்கிழமைகளில் வாசிப்பு வட்டத்துக்குப் போகும் கலை மன்றத்தின் கூரை ஒழுகத் தொடங்கிப் பல மாதமாகிவிட்டது. மழை பெய்தால் புத்தக அலுமாரியை நடுக் கூடத்துக்கு இழுக்க வேண்டும். கூத்துப் பழக வருகிற அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் குடை பிடிக்க வேண்டும். ஆகவே திறந்த வெளியில் ஒரு நடன நிகழ்ச்சி வைத்து, ரிக்கற் விற்றுக் கூரை போடுவதென்று முடிவாயிற்று. பரதம் பழகும் பிள்ளைகள் ஆடுவார்கள். கூத்தர்கள் ஒரு துண்டு ஆடுவார்கள். நான் ஆடுகிறவள் அல்ல. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் மேடையில் ஆடுவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என் வேலை ரிக்கற் விற்பது. ஒன்று இருநூறு ரூபாய், நூறு ரிக்கற்.

முதல் நாளே ஒரு கடையில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை ஆட்டத்துக்குக் காசு கேட்டுத் தெருவில் இறங்கலாமா என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒருவர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அன்றிரவு வாப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், குரலை மட்டும் உயர்த்தவில்லை.

மறுவாரம் கல்லூரி நூலகத்தில் இரவீந்திரநாத் தாகூரின் வாழ்க்கை வரலாறு ஒன்று தற்செயலாகக் கையில் கிடைத்தது. தாகூரை நமக்கெல்லாம் தெரியும். வெள்ளைத் தாடி, நீண்ட அங்கி, கீதாஞ்சலி, நோபல் பரிசு. அவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நாற்பது வருடமாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காசு தேடி அலைந்த மனிதர் அவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்தத் தாகூரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

1861 மே 7 ஆம் திகதி கல்கத்தாவின் ஜோராசங்கோ என்ற பகுதியில், பெரிய மாளிகை ஒன்றில் அவர் பிறந்தார். தேவேந்திரநாத் தாகூருக்கும் சாரதா தேவிக்கும் பதினான்காவது பிள்ளை. இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் தாயின் மடி எளிதில் கிடைக்காது. வேலைக்காரர்களின் பராமரிப்பில்தான் வளர்ந்தார். பதினான்கு வயதாகும்போது தாயும் இல்லை. பள்ளிக்கூடம் அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது. ஒன்றை விட்டு ஒன்றாகப் பல பள்ளிகளில் சேர்த்துப் பார்த்தார்கள், எதிலும் தங்கவில்லை. நான்கு சுவருக்குள் பிள்ளைகளை அடைத்து வைப்பது அவருக்கு ஆயுள் முழுவதும் ஆறாத காயம்போல் இருந்திருக்கிறது. பின்னால் தானே ஒரு பள்ளி தொடங்கியபோது அதற்குச் சுவரே வைக்காததற்குக் காரணம் இதுதான்.

தகப்பனார் தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் தலைவர். உருவமற்ற ஒரே இறைவனை வணங்கும் அந்தச் சபையைத் தொடங்கியவர் ராஜா ராம்மோகன் ராய். அவர் அரபும் பாரசீகமும் கற்றவர், ஓரிறைக் கொள்கை பற்றிப் பாரசீக மொழியில் நூல் எழுதியவர். தேவேந்திரநாத்துக்கும் பாரசீகம் நன்றாக வரும். ஹாபிஸ் என்ற பாரசீகக் கவிஞரின் பாடல்கள் அவருக்கு மனப்பாடம். ஆக, வங்காளத்து வீடொன்றில் சிறு வயதிலேயே ஹாபிஸின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர் நம் தாகூர். இது எனக்கு இனித்த செய்தி. எழுபதாம் வயதைக் கடந்த பின், 1932 இல், ஈரான் மன்னரின் அழைப்பை ஏற்று ஆகாய விமானத்தில் பறந்துபோய், ஷிராஸ் நகரில் ஹாபிஸின் அடக்கத்தலத்தின் அருகே அவர் அமர்ந்திருந்தார். தகப்பனாரின் நினைவு அந்த இடத்தில் அவருக்கு வராமல் இருந்திருக்குமா?

1873 இல், பதினொரு வயதுச் சிறுவனைத் தகப்பனார் இமயமலைக்கு அழைத்துப் போனார். வழியில் முதலில் தங்கிய இடம் சாந்திநிகேதன். கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர் தூரத்தில், போல்பூர் அருகே, செம்மண் பொட்டல் வெளி. இரண்டு மரங்களைத் தவிர நிழலுக்கு ஒன்றும் இல்லாத அந்த இடத்தைத் தேவேந்திரநாத் 1863 இல் தியானம் செய்வதற்காக எடுத்திருந்தார். நகரத்துப் பிள்ளைக்கு அது பெரிய திடலாய், முழு விடுதலையாய்த் தெரிந்திருக்கும்.

அந்த வெளியில்தான் 1901 டிசம்பர் 22 ஆம் திகதி தாகூர் தன் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் அவருடைய சொந்த மகன் ரதீந்திரநாத். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பிள்ளைகள் ஆளுக்கொரு பாய் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்து படித்தார்கள். ஆரம்பத்தில் கட்டணம் வாங்கவில்லை. பிறகு எப்படி நடத்துவது? மனைவி மிருணாளினி தேவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். தாகூர் பூரிக் கடற்கரையில் இருந்த தன் வீட்டை விற்றார், தங்கக் கடிகாரத்தை விற்றார், புத்தகங்களின் உரிமையை விற்றார். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் குடும்பச் சொத்தில் அவருக்குக் கிடைத்தது மாதப்படி. மீதியைக் கடன் வாங்கினார்.

அடுத்து வந்த வருடங்களை வாசிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பள்ளி தொடங்கி ஒரு வருடம் முடியுமுன், 1902 நவம்பரில், மிருணாளினி தேவி காலமானார். முப்பது வயதும் ஆகவில்லை. 1903 இல் மகள் ரேணுகா. 1905 இல் தகப்பனார். 1907 இல் கடைசி மகன் சமீந்திரநாத், வாந்திபேதியில். ஐந்து வருடத்தில் நான்கு இழப்புகள். இதற்கிடையிலும் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அவருடைய பொறுமையைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கோ மிருணாளினியின் நகைகளே ஞாபகம் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பள்ளியின் முதல் நன்கொடையாளர் அந்தப் பெண்தான். ஆனால் அவருடைய பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

நோபல் பரிசு 1913 இல் வந்தது. ஆசியாவில் முதல் முறையாக ஒருவருக்கு. பரிசுத் தொகை சுமார் எட்டாயிரம் பவுண். அந்தப் பணத்தை அவர் பதிசர் என்ற ஊரில் விவசாயிகளுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் போட்டார். ஏழைக் குடியானவனுக்குக் கடன், அதில் வரும் வட்டி பள்ளிக்கு. ஒரே காசில் இரண்டு நன்மை செய்யப் பார்த்தார். காலப்போக்கில் கடன்கள் திரும்பாமல் வங்கி நொடிந்து, முதலும் போயிற்று. கணக்கில் கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1915 இல் கிடைத்த சேர் பட்டத்தை 1919 இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்துத் துறந்தார் என்பது நம் வரலாற்றுப் பாடப் புத்தகங்களில் உள்ளதுதான். பள்ளியை உலகப் பல்கலைக்கழகமாக வளர்க்க வேண்டும் என்ற ஆசையில் 1921 டிசம்பரில் விசுவபாரதியை நிறுவினார். அதற்காக அமெரிக்கா போய் ஊரூராய்ப் பேசினார். 1916 பயணத்தில் பணம் ஓரளவு கிடைத்தது. 1920 பயணத்தில் வாசல்கள் திறக்கவில்லை. உலகமே கொண்டாடிய மனிதரைச் செல்வந்தர்கள் விருந்துக்கு அழைத்தார்கள், காசோலை எழுதவில்லை. அங்கே சந்தித்த எல்ம்ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் பின்னர் வந்து, பக்கத்துக் கிராமத்தில் ஸ்ரீநிகேதன் என்ற விவசாய நிலையத்தை 1922 இல் தொடங்க உதவியது ஒரு பெரிய ஆறுதல். 1927 இல் ஹைதராபாத் நிஜாம் ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தார். இஸ்லாமியக் கல்விக்கென்று கொடுக்கப்பட்ட நிதி அது. சையத் முஜ்தபா அலி போன்ற முஸ்லிம் மாணவர்கள் அங்கே படித்துப் பெரிய எழுத்தாளர்களானார்கள்.

இனி நடனத்துக்கு வருகிறேன். என்னைப் பிடித்து நிறுத்திய பகுதி இதுதான்.

1919 இல் தாகூர் சில்ஹெட் பகுதிக்குப் போயிருந்தபோது மணிப்புரி மக்கள் ஆடிய நடனத்தைக் கண்டார். அதில் ஒரு அடக்கமும் பக்தியும் இருந்தன. இதைத் தன் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று நினைத்துத் திரிபுராவிலிருந்து ஓர் ஆசிரியரை வரவழைத்தார். அந்தக் காலத்து வங்காளத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடுவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத விடயம். ஆடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் தனியே இருந்தது, அவர்களை யாரும் மதிக்கவில்லை. ஆகவே முதலில் ஆண் பிள்ளைகளுக்கே கற்பித்தார்கள். பெண் பிள்ளைகளின் முறை மெல்ல மெல்லத்தான் வந்தது. சாந்திநிகேதனில் மேடை என்றால் பெரும்பாலும் வெறும் தரைதான். மாந்தோப்பில் வசந்த விழா, முதல் மழைக்கு ஒரு விழா. 1928 இலிருந்து மரம் நடும் விழாவும் சேர்ந்தது. பெண் பிள்ளைகள் பூச்சூடி, கன்றைச் சுமந்து வருபவர்களோடு பாடி ஆடிக்கொண்டே போவார்கள். செம்மண்ணில் கோலம், தலைக்கு மேலே கிளைகள். திரைச்சீலை தேவையில்லை, மின்விளக்கும் தேவையில்லை.

1926 இல் நடீர் பூஜா என்ற நாடகத்தை எழுதினார். ஆடல்மகளின் வழிபாடு என்பது அதன் பொருள். புத்தரின் காலத்துக் கதை. அரண்மனை ஆடல்மகளை, வழிபாட்டிடத்தை அவமதிப்பதற்காகவே அங்கே ஆடச் சொல்கிறார்கள். அவள் ஆடுகிறாள். ஆனால் ஆட ஆட நகைகளைக் கழற்றி வைத்து, அந்த ஆட்டத்தையே வணக்கமாக்கி, அதற்காக உயிரைக் கொடுக்கிறாள். நடித்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆடல்மகளாக ஆடியவர் நந்தலால் போஸ் என்ற புகழ்பெற்ற ஓவியரின் மகள் கௌரி. சாந்திநிகேதனுக்குள் ஆடியபோது பிரச்சினை இல்லை. 1927 ஜனவரியில் கல்கத்தாவில், வெளியார் முன்னிலையில் ஆட வேண்டி வந்தபோது ஊர் வாயைத் திறக்கும் என்று தாகூருக்குத் தெரியும். அவர் செய்த காரியத்தை நான் மூன்று முறை வாசித்தேன். நாடகத்தில் இல்லாத உபாலி என்ற ஒரு துறவியின் பாத்திரத்தைப் புதிதாக எழுதி, அந்த வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு மேடையேறினார். அறுபத்தைந்து வயது. பெண் பிள்ளைகள் மட்டும் நின்றால் அவர்கள் மீது கல் விழும், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவரும் கூட நின்றால் எறிகிற கை சற்றுத் தயங்கும் அல்லவா?

எனக்குக் கடையில் நடந்ததை நினைத்துக்கொண்டேன். அன்று என்னோடு பெரியவர் ஒருவர் வந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

நம் நாட்டுக்குத் தாகூர் வந்தது இந்தக் காசு தேடும் பயணங்களின் போதுதான். 1922 இலும் வந்திருக்கிறார். ஆனால் 1934 மே மாத வருகைதான் முக்கியமானது. எழுபத்து மூன்று வயது. ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், ஓவியர் நந்தலால் போஸ், மருமகள் பிரதிமா தேவி என்று ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு கொழும்பில் வந்திறங்கினார். ரீகல் தியேட்டரில் சாப்மோசன் என்ற நாட்டிய நாடகம் நடந்தது. சாப விமோசனம் என்று நாம் சொல்லலாம். தேவலோகத்தில் தாளம் தப்பி வாசித்த ஒருவன் சாபத்தால் அழகற்ற அரசனாகப் பிறக்கிறான். அவன் மேலுள்ள அன்பினால் அவன் துணைவியும் மண்ணில் பிறக்கிறாள். இருட்டில் மட்டுமே அவனைச் சந்தித்த அவள், வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்டதும் வெறுத்து ஓடுகிறாள். கடைசியில் அவனுடைய இசையே அவளைத் திருப்பி அழைத்து வருகிறது. மொழி புரியாத மக்கள் அதை ஆர்வத்தோடு பார்த்தார்கள். மேற்கத்திய நாடகங்களின் நகல்களையே கொழும்பு மேடைகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு, நமக்கும் ஒரு வழி உண்டு என்று அது காட்டியது.

மே 20 ஆம் திகதி ஹொரணையில் வில்மட் பெரேரா என்பவர் சாந்திநிகேதனைப் போலவே தொடங்கிய ஸ்ரீபாலி கல்லூரிக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். கண்டிக்குப் போய்க் கண்டிய நடனத்தைக் கண்டு வியந்தார். தன் மாணவர் சாந்திதேவ் கோஷைப் பின்னர் அதைக் கற்கச் செய்தார். கண்டியில் தங்கியிருந்தபோதே ஒரு நாவலையும் எழுதி முடித்தார். யாழ்ப்பாணம் வரையும் போனார். அந்தப் பயணத்தின் பின் நம் நாட்டு இளைஞர்கள் பலர் சாந்திநிகேதனுக்குப் படிக்கப் போனார்கள். நம் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் 1936 இல் போனார். எதிரிவீர சரச்சந்திரவும், பின்னர் நடனக் கலைஞர் சித்ரசேனவும் அங்கே கற்றவர்களே. அந்த வருடம் இங்கே திரட்டிய பணம் எப்போதோ செலவாகி முடிந்திருக்கும். இவர்கள் கொண்டு வந்தது இன்னும் முடியவில்லை.

அந்தக் காலத்தில் இங்கிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பலர் எங்கள் தீவின் வழியேதான் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் இரவு றெயில் ஏறினால் காலையில் தலைமன்னார் துறை, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இப்போது தலைமன்னார் துறையின் இரும்புத் தூண்கள் மட்டும் கடலுக்குள் நிற்கின்றன. சாந்திநிகேதன் எட்டாத தூரம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அது எங்கள் வாசலில் ஏறி இறங்கும் தூரமாக இருந்திருக்கிறது.

1936 மார்ச்சில் சித்ராங்கதா என்ற நாட்டிய நாடகம் கல்கத்தாவில் அரங்கேறியது. மகாபாரதத்து மணிப்பூர் இளவரசியின் கதை. பிறரைக் கவர்வதற்காகக் கடன் வாங்கிய அழகை அவள் கடைசியில் உதறிவிட்டுத் தன் சொந்த உருவத்தில் நிற்பாள். அதையும் எடுத்துக்கொண்டு பாட்னா, அலகாபாத், லாகூர், டில்லி என்று புறப்பட்டார். எழுபத்தைந்து வயதாக இரண்டு மாதம்தான் இருந்தது. உடம்பு முடியாமல் இருந்தது. விசுவபாரதிக்கு அறுபதாயிரம் ரூபாய் பற்றாக்குறை.

டில்லியில் காந்தியடிகள் இதைக் கேள்விப்பட்டார். இந்த வயதில் இந்த மனிதர் பள்ளிக்காக நாட்டியக் குழுவோடு ஊர் ஊராக அலைவதை அவரால் தாங்க முடியவில்லை. எவ்வளவு வேண்டுமென்று கேட்டார். சில நாட்களில் அறுபதாயிரம் ரூபாய்க்கான காசோலை வந்து சேர்ந்தது. கொடுத்தவர் பெயர் குறிப்பிடப்படவில்லை. பிர்லா என்ற பெரும் வணிகர்தான் கொடுத்தார் என்று பின்னர் தெரிய வந்தது. இனிப் பயணத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டும் என்பதே காந்தியின் வேண்டுகோள். தாகூர் நன்றியோடு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இந்த இடத்தில் எனக்குக் காந்தியோடு ஒரு சிறு மனத்தாங்கல். அவர் செய்தது பெரிய உதவி, ஐயமில்லை. ஆனால் தாகூர் காசுக்காக மட்டும் ஆட்டத்தைக் கொண்டு போகவில்லை. காசு மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு ஜமீன்தாரின் வாசலில் காத்திருந்து ஒரே கையெழுத்தில் வாங்கியிருக்கலாம். அவர் லாகூரிலும் கொழும்பிலும் ரிக்கற் விற்றார். ரிக்கற் வாங்கியவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான். அப்படிப் பார்த்தவர்களில் சிலர்தான் பின்னர் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். காந்தி வேண்டிக்கொண்ட ஓய்வும் நீடிக்கவில்லை. 1938 இல் சண்டாளிகா, 1939 இல் சியாமா என்று அந்தக் கிழவர் மறுபடி நாட்டிய நாடகங்களோடு மேடைக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாப்பாவிடம் சொன்னேன். கருவாட்டுக் கணக்கு எழுதிக்கொண்டே கேட்டார். நோபல் பரிசு வாங்கியவரும் காசு கேட்டுப் போனாரா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். போனார் என்றேன். மனைவியின் நகையை அவர் திருப்பிச் செய்து கொடுத்தாரா என்று கேட்டார். அதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார் என்றேன். வாப்பா வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ரிக்கற் விற்கப் புறப்பட்டபோது, தான் மோட்டார் சைக்கிளில் கூட வருவதாகச் சொன்னார். கடைக்குள் வரவில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். எழுபத்து நான்கு ரிக்கற் விற்றேன்.

நிகழ்ச்சி ஆடி மாதத்துச் சோளகத்தில் நடந்தது. மன்னாரின் காற்றைப் பற்றித் தெரிந்தவர் யாரும் அந்த மாதத்தில் திறந்த வெளியில் மேடை போட மாட்டார்கள், நாங்கள் போட்டோம். மேடைக்குப் பின்னால் கட்டிய சேலைத் திரை முதல் நடனத்திலேயே பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒலிபெருக்கியில் பாதி காற்றின் சத்தம். மைதானத்துக்குள் இரண்டு கழுதைகள் வந்துவிட்டன. மன்னாரில் இது புதினமல்ல என்றாலும், அவை முன் கதிரைப் பக்கமாக நடந்து போனபோது பிள்ளைகள் சிரித்து முடிய ஐந்து நிமிடம் பிடித்தது. திரை போனபின் ஆடிய பிள்ளைகளுக்குப் பின்னால் பனை மரங்களும், தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும் தெரிந்தன. அண்ணாவியார் மத்தளத்தோடு ஏறியபோது யாருக்கும் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

தாகூரின் கடைசி வருடங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1940 பெப்ரவரியில் காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தார். புறப்படும்போது தாகூர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தனக்குப் பின் இந்த நிறுவனத்தைக் காக்க வேண்டும் என்ற வேண்டுகோள் அதில் இருந்தது. கடைசிவரை அவர் கேட்பதை நிறுத்தவில்லை. காந்தி அந்தக் கடிதத்தை மௌலானா அபுல் கலாம் ஆசாத்திடம் கொடுத்தார். 1941 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, தான் பிறந்த அதே ஜோராசங்கோ வீட்டில் தாகூர் கண்மூடினார். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக மௌலானா ஆசாத் இருந்தபோது, 1951 இல், விசுவபாரதி மத்திய அரசின் பல்கலைக்கழகமாயிற்று. மக்காவில் பிறந்த ஓர் ஆலிமின் காலத்தில், வங்காளத்துக் கவியின் ஐம்பது வருடக் கடன் தொல்லை தீர்ந்தது. 2023 இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஆகியிருக்கிறது.

எங்கள் நிகழ்ச்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது கூரைக்குத் தேவையானதில் பாதியை விடச் சற்று அதிகம்தான் சேர்ந்திருந்தது. கதிரைக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்தது போக மிஞ்சியது அது. நான் வெளியே வந்தபோது வேலியோரம் வாப்பா நின்றார். உள்ளே வரவில்லை, ஆனால் முழு நேரமும் நின்றிருக்கிறார் என்பது அவருடைய சாரத்தில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தபோது தெரிந்தது. எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். சொன்னேன். தகரம் எங்கே வாங்கப் போகிறார்கள் என்று கேட்டார். வவுனியாவில் என்றேன். உப்புக் காற்றுக்குத் தகரம் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடும், சீற்றுப் போடச் சொல், ஆணியும் சாதாரண ஆணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.